சொன்னதையெல்லாம் கேட்கும் பெண்: பள்ளி முடிந்தபின் மூன்று ஆண்டுகள்

இந்தப் பதிவைப் பற்றி

சிறப்புப் பள்ளியை முடிக்கும் இளையோருக்கும் அவர்களின் பெற்றோருக்கும் அடுத்த கட்டத்தைத் திட்டமிட உதவும் சிறப்பாசிரியர் நான். ஒரு குடும்பத்தோடு மூன்று ஆண்டுகள் செய்த பணியை இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். பெற்றோர் உடனே சம்மதித்தார்கள். மகளுக்கு ஒவ்வொரு பகுதியையும் எளிய வாக்கியங்களில் வாசித்துக் காட்டினேன். இரண்டு நிகழ்ச்சிகளை எழுத வேண்டாம் என்றார். அவை இங்கே இல்லை.

அவரை 'அவர்' என்றே குறிப்பிடுகிறேன். முதல் மாதக் குறிப்பேட்டில் 'அவள்' என்றுதான் எழுதியிருந்தேன். அப்போது அவருக்கு வயது 19. அதே வயதில் வேறொரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். பெற்றோர் இருவரும் அவரைக் 'குழந்தை' என்றார்கள். அன்று அது எனக்கும் உறுத்தவில்லை.

பின்னணி

அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. இதயத்தில் இருந்த துளைக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வயதிலிருந்து 18 வயதுவரை ஒரே பள்ளி. தெரிந்த சொற்களை வாசிப்பார், இருபதுவரை எண்ணுவார், மூன்று நான்கு சொற்களில் பேசுவார். பழகாதவர்களுக்கு அதில் பாதிதான் புரியும்.

கோப்பில் ஒரு நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எண் இருந்தது. திட்டமிட அது உதவவில்லை. அறிவுசார் குறைபாட்டின் அளவை அந்த எண்ணைக் கொண்டு தீர்மானிக்காமல், அன்றாட வாழ்க்கையில் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு பார்க்கும்படி 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடே மாற்றிவிட்டது. ஆகவே வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அம்மா குளிப்பாட்டுகிறார், தலை வாருகிறார், உடையை எடுத்து வைக்கிறார், மாதவிடாய் நாள்களில் நாப்கின் மாற்றிவிடுகிறார். எதையும் மகள் செய்து பார்த்ததில்லை. செய்ய முடியாது என்று யாரும் முடிவு செய்யவும் இல்லை. காலையில் நேரம் போதாது என்பதற்காகத் தொடங்கிய பழக்கம், 19 வயதுவரை நீண்டுவிட்டது.

பள்ளியின் ஆண்டு அறிக்கைகள் பன்னிரண்டையும் வாசித்தேன். சொற்கள் மாறினாலும் ஒரு வரி எல்லாவற்றிலும் இருந்தது: சொன்னதைக் கேட்பார், யாருக்கும் தொந்தரவு இல்லை. பெற்றோர் அதைப் பெருமையோடு சுட்டிக்காட்டினார்கள்.

முதல் சந்திப்பு

பள்ளி முடிந்து ஏழு மாதங்கள் கழித்து வந்தார்கள். "எங்கள் குழந்தை மாறிவிட்டது" என்றார் அம்மா. பகலில் தூங்குகிறார். எடை கூடிவிட்டது. எட்டு வயதிலிருந்து தானாகவே விரும்பித் துணி மடித்துவந்தவர், இப்போது குவியலின் முன் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கிறார். அப்பா இதைச் சோம்பல் என்றார். ஏற்கெனவே பார்த்த ஒரு மருத்துவர், இந்தக் குறைபாடு உள்ளவர்கள் வளர வளர இப்படித்தான் ஆவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த நாற்பது நிமிடங்களை அனுமதியோடு ஒலிப்பதிவு செய்திருந்தேன். பிறகு கேட்டுப் பார்த்தேன். நான் கேட்ட கேள்விகள் 31. அவற்றில் 27 பெற்றோரை நோக்கியவை. மகளிடம் கேட்ட நான்கில் இரண்டுக்கு அம்மா பதில் சொல்லிவிட்டார். மீதி இரண்டுக்கும் மகள் சொன்ன பதில் ஒன்றே: "சரி". கேள்விக்கும் அம்மாவின் குறுக்கீட்டுக்கும் இடையே இரண்டு நொடிகூட இல்லை. அவருக்குக் கேள்வியை உள்வாங்கிப் பதிலைத் திரட்டப் பத்து நொடிவரை தேவைப்படும் என்பது பின்னால் தெரிந்தது. இந்தத் துறையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு நானும் காத்திருக்கவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

முதல் முடிவு: உடலைப் பார்ப்பது

பெற்றோர் ஒரு பயிற்சித் திட்டத்தை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். மருத்துவப் பரிசோதனை முடியும்வரை எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்றேன். அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் எந்த மாற்றம் வந்தாலும் குறைபாட்டின் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு, குணமாக்கக்கூடிய நோயைத் தவறவிடுவது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட பிழை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு, கேட்புக் குறை, பார்வைக் குறை, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. தைராய்டு, அறிகுறி இல்லாவிட்டாலும் ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டிய ஒன்று. இவருக்குக் கடைசியாகப் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேறொரு மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். தைராய்டு சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு காதுகளிலும் அழுக்கு இறுகிக் கிடந்தது. டவுன் சிண்ட்ரோமில் காதுக்குழாய் குறுகலாக இருப்பதால் இது அடிக்கடி நேர்வதுண்டு. காதைச் சுத்தம் செய்த அன்றே கூப்பிட்டதும் திரும்பினார். மாத்திரையின் பலன் மெல்ல வந்தது. மூன்றாம் மாதத்தில் பகல் தூக்கம் நின்றது. துணிக் குவியலைத் தானாக எடுத்து மடித்தார். சோம்பல் என்று சொன்ன அப்பா அன்று என்னிடம் அதிகம் பேசவில்லை.

ஆனால் எல்லாம் சரியாகவில்லை. தனக்குத்தானே பேசுவது தொடர்ந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலர் வாய்விட்டு யோசிப்பார்கள். அதுவே நோயின் அடையாளமாகிவிடாது. ஆகவே நிறுத்தச் சொல்லாமல், என்ன பேசுகிறார் என்று கேட்டு எழுதும்படி அம்மாவிடம் சொன்னேன். ஒரு வாரக் குறிப்பில் இருந்தவை பெயர்கள். அதே வரிசையில் பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சிறு இடைவெளி. அது வகுப்பின் வருகைப் பதிவு. ஒவ்வொரு காலையிலும் அவர் வீட்டில் உட்கார்ந்து வருகை எடுத்துக்கொண்டிருந்தார்.

பள்ளி முடிந்துவிட்டது என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. விடுமுறை என்றே நினைத்திருந்தார். ஏழு மாதங்களாக ஞாயிறு இரவு பையை எடுத்து வைத்ததை அம்மா பார்த்திருக்கிறார். காலையில் அதை ஒளித்துவைத்திருக்கிறார். வீட்டைவிட்டு வெளியே வர மறுத்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பள்ளி வண்டி வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

பள்ளிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று விடைபெற ஏற்பாடு செய்தோம். பழைய வகுப்பறையில் வேறு பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தார். ஒரு படத்தொகுப்பு செய்தோம். கடைசிப் பக்கத்தில் மூடிய பள்ளிக் கதவின் முன் அவர் நிற்கும் படம். நன்றாக அழுதார். அம்மா தடுக்க எழுந்தபோது அப்பாதான் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

'சரி' என்ற சொல்

அடுத்து என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். "வேலைக்குப் போகிறாயா?" என்றால் "சரி". "வீட்டிலேயே இருக்கிறாயா?" என்றாலும் "சரி". எதிரெதிரான இரண்டு கேள்விகளுக்கும் ஆமோதிப்பே வந்தால் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம்-இல்லை கேள்விகளை வைத்து முடிவெடுப்பது ஆபத்தானது. எதிரே இருப்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லியே வளர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

ஆகவே கேள்வியை விட்டுவிட்டு இடங்களைக் காட்டினோம். நாற்றுப் பண்ணை, நூலகம், அலுவலகச் சமையற்கூடம், முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சலவைப் பிரிவு என நான்கு இடங்களில் அரை அரை நாள். பண்ணையில் மண்ணைத் தொட மறுத்துக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வேண்டாம்" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட முதல் மறுப்பு அது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அம்மா பண்ணைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மகளைக் கண்டித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மாவுடன் நீண்ட நேரம் பேசினேன். இந்த ஆய்வில் நான் எடுத்த முடிவுகளில் இன்றும் உறுதியாக நிற்பது இதுதான்: பயிற்சித் திட்டத்தின் முதல் பாடமாக மறுப்பை வைத்தோம். நாளுக்கு மூன்று முறையாவது மகளுக்குத் தெரிவு தரவேண்டும், "வேண்டாம்" என்றால் அதை மதிக்கவேண்டும், முகம் சுளிக்கக்கூடாது.

முதல் இரண்டு வாரங்கள் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்". குளியலுக்கும். அப்பா தொலைபேசியில் அழைத்தார். "பத்தொன்பது வருடம் கட்டிக்காத்த பிள்ளைக்கு நீங்கள் பிடிவாதம் கற்றுக்கொடுக்கிறீர்கள்" என்றார். அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது. அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: யார் சொன்னாலும் கேட்கும் பெண், தவறான ஒருவர் சொன்னாலும் கேட்பார் அல்லவா? அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். உடையைக் கழற்று என்று இன்னொருவர் சொல்லும்போது மறுக்கத் தெரிய வேண்டுமானால், முதலில் வீட்டில் நீலச் சட்டையை மறுத்துப் பழகியிருக்க வேண்டும். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் திட்டத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் மறுப்புகள் குறைந்து தெளிவடைந்தன. தைராய்டு மாத்திரையை ஒருநாள் மறுத்தார். வற்புறுத்தாமல் காரணத்தைத் தேடினோம். படுத்தபடியே விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள், தொண்டையில் ஒட்டியிருக்கிறது. உட்கார்ந்து நிறையத் தண்ணீருடன் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. முன்பு அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இதோடு சேர்ந்தே உடலைப் பற்றிய பாடமும் நடந்தது. உறுப்புகளின் சரியான பெயர்கள், எது அந்தரங்கம், கதவை எப்போது மூட வேண்டும், யார் எப்போது தொடலாம். குளியலை அம்மா பின்னிருந்து முன்னாக ஒப்படைத்தார்: எல்லாவற்றையும் அம்மா செய்துவிட்டுக் கடைசி வேலையான துண்டால் துடைப்பதை மட்டும் மகளிடம் விட்டார், அது கைவந்ததும் அதற்கு முந்தைய வேலை. ஒவ்வொரு நாளும் முடிக்கும் நிறைவு மகளுக்கே கிடைத்தது. தலைக்குக் குளிப்பது முழுதாகக் கைவர ஐந்து மாதம் ஆனது. நாப்கின் மாற்ற இரண்டே சுழற்சிகள் போதுமாக இருந்தன. இத்தனை ஆண்டுகள் அம்மா செய்துவந்த வேலை அது.

வேலையும் பஸ்ஸும்

சலவைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். அரை நாள் முடிந்தும் துண்டுகளை விட்டு வர மறுத்தார். வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்குத் தரும் அதே மணிக்கூலி. தனி மையத்தில் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்துவிட்டு வேலை தேடும் முறையை நாங்கள் எடுக்கவில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது இவருக்குக் கடினம். ஆகவே வேலை செய்யும் மேசையிலேயே கற்கட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு பயிற்சியாளர் ஆறு வாரம் பக்கத்தில் நின்று படிப்படியாக விலகினார்.

பஸ் பயணத்துக்குப் பதினோரு வாரம் பிடித்தது. முதலில் அம்மா பக்கத்து இருக்கையில்; பிறகு இரண்டு வரிசை பின்னால்; பிறகு அதே பஸ்ஸில் தெரியாதவரைப் போல; பிறகு இறங்கும் நிறுத்தத்தில் காத்திருப்பது; கடைசியில் வீட்டிலேயே இருப்பது. கடைசிப் படிதான் அம்மாவுக்கு மிகவும் கடினமாக இருந்தது. நீல நிறத் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் மணியை அடிக்க வேண்டும் என்பது பாடம்.

தனியாகப் போகத் தொடங்கிய ஐந்தாம் வாரம், குழாய் பதிக்கும் பணியால் பஸ் வேறு சாலையில் சென்றது. தொட்டி வரவில்லை. அவர் மணி அடிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் அவர் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் தன்னோடு அலுவலகத்துக்கு வரச் சொன்னபோது "வேண்டாம்" என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டார். பையில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் அதிலிருந்த எண்ணை அழைத்தார். வேலைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம்.

நடந்ததை எழுதிப் பார்த்தால் அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார். தொட்டி வராவிட்டால் என்ன செய்வது என்று நான் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

அப்பா பயணத்தை நிறுத்திவிட்டார். "அந்த ஓட்டுநர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இல்லை என்றே சொன்னேன். 23 நாள்கள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதில் இரண்டாம் வாரம், துண்டுகளைப் பையில் அடுக்கி வாசலில் உட்காரத் தொடங்கினார். பள்ளி முடிந்த காலத்தைப் போல இருக்கிறது என்று அம்மா பயந்து அழைத்தார். இந்த முறை அப்பாவே மகளிடம் உட்கார்ந்து, "பஸ் வேண்டுமா, அப்பா வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டுக் காத்திருந்தார். "பஸ். நான் போவேன்" என்றார் மகள்.

மறுபடி தொடங்கியபோது, வழி தவறுவதையே பாடமாக்கினோம். வேண்டுமென்றே தவறான பஸ்ஸில் ஆறு முறை ஏறினோம், அப்பா உடன் வந்தார். கைபேசியில் புறப்பட்ட 35ஆம் நிமிடம் ஓர் ஒலி வரும். அதற்குள் இறங்கவில்லை என்றால் அம்மாவின் படத்தை அழுத்த வேண்டும். அதன்பின் இரண்டு முறை பஸ் வழி மாறியது. இரண்டு முறையும் அழுத்தினார்.

கையெழுத்து

காது சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் அம்மா வழக்கம்போலக் கையெழுத்திட்டிருந்தார். மகளுக்கு 18 வயது முடிந்துவிட்டதையும், அதோடு பெற்றோரின் தானாக வரும் அதிகாரம் பொதுவாக முடிவடைகிறது என்பதையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது கேள்வி எழுந்தது. எல்லா முடிவுக்கும் சட்டப்பூர்வக் காப்பாளராகிவிட்டால் எளிது என்று சிலர் அறிவுரை சொன்னார்கள்.

2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 12ஆம் பிரிவில், சட்டத்தின் முன் எல்லோரையும் போலவே இவர்களுக்கும் முடிவெடுக்கும் தகுதி உண்டு என்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான உதவியைத் தருவது அரசின் கடமை என்கிறது. இதை அடிப்படையாக வைத்து ஒரு பக்கத் தாள் தயாரித்தோம். உடை, நண்பர்கள், வாரச் செலவுப் பணம் ஆகியவற்றில் அவரே முடிவு செய்வார். மருத்துவத்திலும் வேலை மாற்றத்திலும் படங்களோடு விளக்கி, அவர் தேர்ந்தெடுத்த இருவர் உடனிருக்க முடிவு செய்வார். பெரிய தொகைகளுக்கு இரண்டு கையெழுத்து. உடனிருக்க அவர் தேர்ந்தெடுத்தவர்கள் அக்காவும் சித்தியும். அம்மாவை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மாவுக்கு அது வலித்தது. ஆனாலும் தாளை மாற்றச் சொல்லவில்லை.

அக்காவை நான் அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். 'எங்களுக்குப் பிறகு' என்று பெற்றோர் பேசும்போதெல்லாம் அந்தப் பொறுப்பு அவருடையது என்பது எழுதாத தீர்மானமாக இருந்திருக்கிறது. அவரிடம் யாரும் கேட்டதில்லை. முடிவெடுக்க உதவுவதாகவும், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ முடியும் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னார்.

இன்றைய நிலை

இப்போது அவருக்கு வயது 22. அதே வேலை. நேரத்தை நான்கு மணியாக்கிப் பார்த்தோம். களைப்பில் தவறுகள் கூடியதால் மூன்றுக்கே திரும்பினோம். தைராய்டும் காதும் ஆண்டுதோறும் பார்க்கப்படுகின்றன. குளியல், உடை, மாதவிடாய்க் கவனிப்பு எல்லாம் அவருடையவை. பணத்தைக் கணக்கிடுவது இன்னும் வரவில்லை; வராமலே போகலாம். பழைய வகுப்புத் தோழிகள் இருவரை மாதம் ஒருமுறை சந்திக்கிறார். வருகைப் பதிவை இப்போதும் சில காலைகளில் சொல்கிறார். பதினோரு பெயர்களோடு சலவைப் பிரிவின் நான்கு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

மீண்டும் செய்தால்

குளியலையும் உடையையும் 19 வயதில் ஒப்படைத்தோம். 12, 13 வயதில் தொடங்கியிருக்க வேண்டும். பள்ளி முடியும் ஆண்டுக்கு முன்பே முழு மருத்துவப் பரிசோதனையும், பிள்ளைக்குப் புரியும் வகையில் ஒரு விடைபெறுதலும் நடக்கும்படி இப்போது எல்லாக் குடும்பங்களிலும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டும் நடந்திருந்தால் அந்த ஏழு மாதத் துயரில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

அப்பாவை நான் போதுமான அளவு சேர்த்துக்கொள்ளவில்லை. சந்திப்புகளை அவருடைய வேலை நேரத்தில் வைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று குறிப்பெழுதியிருக்கிறேன். அவருடைய பயம் பஸ் நிகழ்ச்சியில்தான் வெளிவந்தது. முன்பே பேசியிருந்தால் வழி தவறினால் என்ன என்ற கேள்வியை அவரே முதலில் கேட்டிருப்பார். அக்காவையும் முதல் மாதமே சந்தித்திருக்க வேண்டும்.

பெற்றோருக்குப் பிறகு அவர் எங்கே வாழ்வார் என்பது தீரவில்லை. அடுத்த மாதம் முதன்முறையாகப் பெற்றோர் இல்லாமல் சித்தி வீட்டில் இரண்டு இரவுகள் தங்கப்போகிறார். அம்மா சித்திக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதியிருந்தார். அதில் மகளே வாயால் சொல்லிக்கொள்ளக்கூடியவற்றை அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கோடிட்டு அடித்து நீக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது ஒன்றரைப் பக்கம் மீதி இருந்தது.